உங்களுக்குத் தெரியுமா? ஊர் ஊராகச் சுற்றிய அனிமேஷன் விழா

குறும்படங்கள் பெரும்பாலும் தியேட்டர் பக்கம் வருவதில்லை. 2003-ல் அமெரிக்க இயக்குநர்கள் மைக் ஜட்ஜும் டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட்டும் பல நாட்டு அனிமேஷன் குறும்படங்களைத் தொகுத்து, ‘தி அனிமேஷன் ஷோ’ என்று ஊர் ஊராக டிக்கெட் போட்டுக் காட்டினார்கள்.

ஹெர்ட்ஸ்ஃபெல்ட்டின் ‘ரிஜெக்டட்’ (2000) ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. கம்ப்யூட்டர் உதவியே இல்லை. காகிதத்தில் கையால் வரைந்து, ஒவ்வொரு ஃபிரேமாக ஃபிலிமில் எடுத்தது. முடிவில் பாத்திரங்களின் உலகம் நொறுங்கும் காட்சிக்கு, நிஜக் காகிதத்தையே கசக்கிப் படம்பிடித்தார்!

இவர்களுக்கு முன்னோடி, 1977-ல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கிய ‘ஸ்பைக் அண்ட் மைக்’ விழா. ஜட்ஜின் ‘ஃப்ராக் பேஸ்பால்’ (1992) அங்கே ஓடிய படம்தான். அதன் நாயகர்கள் பீவிஸ், பட்ஹெட் இருவருக்கும் அடுத்த ஆண்டே எம்டிவியில் தனித்தொடர் கிடைத்தது.