உதிர்வதும் உதிர்ப்பதும்

அக்டோபர் வந்துவிட்டால் போதும், நான் வசிக்கும் அமெரிக்க வடகிழக்கில் மேப்பிள் மரங்களைப் பார்ப்பதற்கென்றே மக்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாமும் இதை 'இலையுதிர் காலம்' என்கிறோம். தொல்காப்பியம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளில் இப்படியொரு பருவம் கிடையாது. நம்மூரில் இலை உதிராமல் இல்லை. வறண்ட மாதங்களில் தேக்கு மொட்டையாகத்தான் நிற்கும். காடு முழுவதும் ஒன்றுசேர்ந்து உதிர்க்கவைக்கும் உறைபனிதான் அங்கில்லை.

பெயர் இருக்கட்டும். 'இலை உதிர்கிறது' என்பது தன்வினை. தாவரவியலைக் கேட்டால், 'மரம் இலையை உதிர்க்கிறது' என்ற பிறவினையே சரி என்று சொல்லும். இதற்கு எளிய சான்று உண்டு. கோடைப் புயலில் ஒடிந்து தொங்கும் கிளையைக் கவனியுங்கள். இலைகள் சருகான பிறகும் அதில் வெகுநாள் ஒட்டிக்கொண்டிருக்கும். இலையைக் கழற்றிவிட உயிர் வேண்டும். செத்த கிளையால் அது முடியாது.

இலைக்காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. நலமாக உள்ள இலை, ஆக்சின் என்னும் ஹார்மோனைக் காம்பு வழியே அனுப்பியபடி இருக்கும். அது வரும்வரை அந்த அடுக்கு சும்மா இருக்கும். பகல் குறுகி, இலை முதுமையடைந்து, ஆக்சின் குறைந்தவுடன் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனின் கை ஓங்குகிறது. நொதிகள் செல்களுக்கு இடையிலுள்ள பசையைக் கரைக்கின்றன. காற்று லேசாகத் தொட்டாலே இலை விழுந்துவிடும்.

ஏன் இந்தப் பாடு? நிலம் உறைந்தபின் வேர் நீரை உறிஞ்ச முடியாது. இலையோ நீரை இழந்துகொண்டே இருக்கும். பனியின் பாரம் வேறு. ஆனால் மரம் இலையை அப்படியே வீசிவிடுவதில்லை. பச்சையத்தைப் பிரித்து, நைட்ரஜனில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. காம்பு பிரியும் இடத்தைத் தக்கை போன்ற படலத்தால் மூடுகிறது. அதற்கு மேலேயே அடுத்த வசந்தத்தின் மொட்டு தயாராக இருக்கும். கணினிக்காரன் பாஷையில் சொன்னால், கோப்புகளையெல்லாம் சேமித்துவிட்டு முறையாக அணைப்பது.

மின்கம்பியைப் பிடுங்கி அணைப்பதும் நடந்திருக்கிறது.

ஆர்தர் கால்ஸ்டன் என்ற தாவரவியலாளர் 1943ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோயாவைச் சீக்கிரம் பூக்கவைக்க முயன்றார். அவர் பயன்படுத்திய ரசாயனம் ஆக்சினின் ஓட்டத்தைத் தடுப்பது. அளவு மிஞ்சினால் செடி இலைகளைக் கொட்டிவிடுவதையும் கண்டார். பின்னாளில் ராணுவ ஆய்வாளர்களின் கவனம் இதன்மேல் விழுந்தது.

வியட்நாமில் 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் 7 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட களைக்கொல்லிகளைத் தெளித்தன. எதிரி ஒளிய நிழல் இருக்கக்கூடாது, உண்ணப் பயிர் இருக்கக்கூடாது என்பது நோக்கம். பாதிக்கும் மேல் 'ஏஜெண்ட் ஆரஞ்ச்'. பீப்பாயில் இருந்த ஆரஞ்சுப் பட்டையால் வந்த பெயர். அதில் கலந்திருந்தவை கால்ஸ்டனின் ரசாயனம் அல்ல. 2,4-டி, 2,4,5-டி என்னும் இரண்டு செயற்கை ஆக்சின்கள். ஆக்சின் அளவுக்கு மீறினால் செடி தாறுமாறாக வளர்கிறது, எத்திலீன் பெருகுகிறது, இலைகள் கொட்டுகின்றன. மரத்தின் சொந்த மொழியிலேயே அதற்குப் பொய்யான கட்டளை போனது. சேமிப்பும் இல்லை, பருவமும் இல்லை. அலையாத்திக் காடுகள் ஒரே தெளிப்பில் மடிந்தன.

2,4,5-டி தயாரிப்பில் டயாக்சின் என்ற கொடிய நஞ்சும் கழிவாகச் சேர்ந்துவிடும். இலையோடு முடிந்திருக்க வேண்டியது மனித உடலுக்குள்ளும் புகுந்தது அப்படித்தான். 1960களிலேயே இந்தத் தெளிப்பை எதிர்க்கத் தொடங்கிய கால்ஸ்டன், 1970ல் இதற்குச் 'சூழற்கொலை' என்று பெயர் வைத்தார். விஞ்ஞானியின் பொறுப்பு ஆய்வறிக்கையோடு முடிவதில்லை என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சைகோனுக்கு அருகே கான் ஜியோ அலையாத்திக் காட்டை வியட்நாமியர் 1978 முதல் தங்கள் கைகளால் நட்டு மீட்டார்கள். 2000ல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. டா நாங் விமானதளத்தில் மண்ணைச் சூடாக்கி டயாக்சினை அழிக்கும் வேலை 2012ல் தொடங்கி 2018ல்தான் முடிந்தது. மேப்பிள் உதிர்த்த இலை ஏப்ரல், மே மாதங்களில் துளிர்த்துவிடும். மனிதன் உதிர்த்ததைத் துளிர்க்கவைக்கத் தலைமுறைகள் ஆகின்றன.