தோற்றும் வென்ற குழு

கால்பந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது, பந்தைக் காலால் உதைத்துக் கோல் போடும் ஆட்டமே. ஆனால் அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைக்கும் ஆட்டமோ முற்றிலும் வேறானது. அதில் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம், தோழனுக்கு எறியலாம், பந்துடன் ஓடுபவனை எதிரணியினர் கட்டிப்பிடித்துக் கீழே வீழ்த்தலாம்! பந்தும் உருண்டையாக இராது. நீண்டு, இரு முனைகளிலும் கூம்பி இருக்கும்.

ஒவ்வொரு பக்கத்திலும் 11 பேர் ஆடுவர். ஆடுகளத்தின் நீளம் 100 கஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் 6 புள்ளிகள். இதற்கு டச் டவுன் என்று பெயர். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளிகள். இன்னொரு விதியையும் நினைவில் கொள்ளுங்கள்: ஒரு முயற்சி நடந்துகொண்டிருக்கும்போது ஆட்ட நேரம் முடிந்துவிட்டாலும், அம்முயற்சி முடியும்வரை ஆட்டம் தொடரும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இலையுதிர் காலமே இவ்வாட்டத்தின் பருவம். பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் போட்டிகள் நடைபெறும். ஊரே திரண்டு வரும். பருவ முடிவில் இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி என்று கணக்கிடுவார்கள். 1971-ஆம் ஆண்டில் மார்ஷல் பல்கலைக்கழக அணியின் கணக்கு: வெற்றி 2, தோல்வி 8. நமது தேர்ச்சி அறிக்கையில் இப்படி மதிப்பெண் இருந்தால் வீட்டில் என்ன நடக்கும்? ஆயினும் அந்தப் பருவத்தை அவ்வூர் மக்கள் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர். ஏன் என்று பார்ப்போமா?

மார்ஷல் பல்கலைக்கழகம் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையிலுள்ள ஹண்டிங்டன் நகரில் இருக்கிறது. 1970 நவம்பர் 14 அன்று அதன் அணி வட கரோலினா மாநிலத்திற்குச் சென்று ஈஸ்ட் கரோலினா அணியுடன் ஆடி, 17-14 என்ற கணக்கில் தோற்றது. அன்று மாலையே விமானத்தில் ஊர் திரும்பினர். மழையும் மூடுபனியும் சூழ்ந்த வேளையில், விமான நிலையத்தை எட்டுமுன்பே விமானம் குன்றொன்றின் மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. அதில் இருந்த 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 37 ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர் ரிக் டாலி, அவருடைய உதவியாளர்கள், உற்சாகப்படுத்தச் சென்றிருந்த ஊர்ப் பெரியவர்கள், விமானப் பணியாளர்கள் எல்லோரும் மாண்டனர். ஒரே இரவில் பல குழந்தைகள் தாய் தந்தையரை இழந்தனர். ஆறு ஆட்டக்காரர்களின் உடல்களை அடையாளம் காண முடியாமல், ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அருகருகே அடக்கம் செய்தனர்.

இனி ஆட்டமே வேண்டாம் என்று சிலர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனாலும் அணியை மீண்டும் கட்டுவது என்று முடிவாயிற்று. ஜாக் லெங்கியல் என்பவர் புதிய பயிற்சியாளராக வந்தார். காயம் முதலிய காரணங்களால் அன்று விமானத்தில் ஏறாத சிலர் மட்டுமே பழைய அணியில் மீந்திருந்தனர். அவர்களுள் ஒருவரான நேட் ரஃபின், தோழர்களை இழந்த துயரத்தோடு தலைமை தாங்கி நின்றார். அக்காலத்தில் முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட அனுமதி இல்லை. மார்ஷலின் நிலை கண்டு அவ்விதியைத் தளர்த்தினார்கள். வேறு ஆட்டங்கள் ஆடிப் பழகிய மாணவர்களும் வந்து சேர்ந்தனர். அதே மாநிலத்தின் பெரிய அணியான மேற்கு வர்ஜீனியாவின் பயிற்சியாளர் பாபி பவ்டன், தமது ஆட்ட முறைகளையெல்லாம் ஒளிக்காமல் லெங்கியலுக்குக் கற்றுக்கொடுத்தார். தன் வித்தையை அடுத்தவருக்கு அள்ளித் தருபவர் எத்தனை பேர்?

1971 செப்டம்பர் 18 அன்று முதல் போட்டி. மோர்ஹெட் ஸ்டேட் அணியிடம் 29-6 என்று தோற்றனர். அடுத்த வாரம், செப்டம்பர் 25 அன்று, விபத்துக்குப் பின் தம் சொந்த ஊரில் முதன்முறையாகக் களம் இறங்கினர். எதிரணி, இயேசு சபையைச் சார்ந்த சேவியர் பல்கலைக்கழகத்துடையது. ஆட்டம் முடியும் தறுவாயில் சேவியர் 13, மார்ஷல் 9. எல்லைக்கோட்டுக்கு இன்னும் 13 கஜம் இருந்தது. கடைசி முயற்சியில் ரெஜி ஆலிவர் பந்தைத் தன் தோழர் டெர்ரி கார்ட்னருக்கு எறிந்தார். கடிகாரம் நின்றது, கார்ட்னரின் கால்கள் நிற்கவில்லை. முன்னே ஓடிய தோழர்கள் வழியமைத்துக் கொடுக்க, அவர் கோட்டைக் கடந்தார். 15-13! மக்கள் களத்துக்குள் வெள்ளமெனப் பாய்ந்தனர். நெடுநேரம் ஒருவரும் வீடு செல்ல மனமின்றி அங்கேயே நின்றிருந்தனராம்.

கதைகளில் என்றால் அதன்பின் வெற்றிமேல் வெற்றி வந்திருக்கும். மார்ஷலுக்கோ அடுத்த போட்டியிலேயே 66-6 என்ற பெருந்தோல்வி! அக்டோபர் 30 அன்று பவ்லிங் கிரீன் அணியை 12-10 என்று வென்றனர். மற்றவை யாவும் தோல்விகளே. பின்வந்த பல ஆண்டுகளிலும் அவ்வாறே. 1984-இல்தான் தோல்வியை விட வெற்றி மிகுந்த பருவத்தை மீண்டும் கண்டனர். 1992-இல் தம் பிரிவில் தேசிய வெற்றிக் கோப்பையையே பெற்றனர். 1971-இல் அந்தச் சின்னஞ்சிறு அணி, தோற்போம் என்று தெரிந்தும் வாரந்தோறும் களம் இறங்கியிராவிட்டால் பிற்காலத்தவருக்கு அக்கோப்பை எங்கிருந்து வந்திருக்கும்?

அப்பல்கலைக்கழக வளாகத்தில் மாண்டவர்களின் நினைவாக ஒரு நீரூற்று உள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று மக்கள் கூடி மலர் வைத்து, ஊற்றை நிறுத்துகின்றனர். குளிர்காலம் முழுவதும் அது மௌனமாக இருக்கும். வசந்தம் வந்ததும் மீண்டும் நீர் பொங்கும்.

எறிபந்திலோ வளையப்பந்திலோ தோற்றுவிட்டால் நாங்கள் மூலையில் அமர்ந்து அழுவதுண்டு. அடுத்த ஆண்டு பெயர் கொடுக்கவே மாட்டோம் என்று சபதமும் செய்வதுண்டு. இனி அப்படிச் செய்யுமுன் அந்த எட்டுத் தோல்விகளை எண்ணிப் பார்ப்போம். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் மிகுந்த விளைச்சலைத் தரும் என்றார் நம் ஆண்டவர். ஹண்டிங்டன் மக்கள் கண்ணீரோடு விதைத்தனர். விளைச்சலுக்காகப் பொறுமையோடு காத்திருந்தனர். நாமும் அவ்வாறே காத்திருக்கக் கற்போமாக!

- பத்தாம் வகுப்பு மாணவி