பூட்டுச் சின்னமும் ஒரு பின்லாந்துக்காரரும்

காணி வாங்கப் போகிறவர் முதலிற் பார்ப்பது உறுதியையே. விற்பவர் நல்லவரா கெட்டவரா என்பதை உறுதி சொல்லாது. காணி அவருடையதா என்பதை மட்டுமே சொல்லும். இணையத்தளங்களுக்குரிய பாதுகாப்புச் சான்றிதழும் இத்தகையதே. முகவரிக்கருகே தோன்றும் சிறு பூட்டைக் கண்டு, "இத்தளத்தார் யோக்கியர்" எனப் பலர் எண்ணி வந்தனர். மக்கள் இவ்வாறு பிழையாக விளங்கிக்கொள்வது கண்டே கூகிள் நிறுவனம் 2023ஆம் ஆண்டு தனது குரோம் உலாவியிலிருந்து அப்பூட்டை அகற்றிற்று.

சான்றிதழால் நமக்குக் கிடைப்பவை இரண்டு. செல்லும் செய்தியை இடையிலுள்ளார் படித்தல் இயலாது என்பது ஒன்று. மறுமுனையில் இருப்பவர் அத்தளப் பெயரைத் தம் கையில் வைத்திருப்பவரே என்பது மற்றொன்று. முன்னையது கணிதத்தின் வேலை. பின்னையதிலேதான் இடரெல்லாம்.

சான்றிதழ் வழங்குவோர் விண்ணப்பகாரரை நேரிற் காண்பதில்லை. ஓர் இரகசியக் குறியைக் கொடுத்து, "பெயர் உம்முடையதாயின் இதனைத் தளத்தின் குறித்த இடத்தில் வைத்துக் காட்டும்" என்பர். அல்லது, பெயர்களுக்கெல்லாம் தோம்பு போன்றிருக்கும் டி.என்.எஸ். பதிவேட்டில் எழுதிக் காட்டச் சொல்வர்; அல்லது, அப்பெயரிலுள்ள 'அட்மின்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'வெப்மாஸ்டர்', 'ஹோஸ்ட்மாஸ்டர்', 'போஸ்ட்மாஸ்டர்' என்னும் ஐந்து அஞ்சற் பெட்டிகளுள் ஒன்றுக்கு அக்குறியை அனுப்புவர். உடையவரன்றி வேறெவர் அப்பெட்டிகளைத் திறப்பார் என்பது அவர்தம் துணிபு.

அத்துணிபு பொய்த்த கதை 2015இல் பின்லாந்தில் நிகழ்ந்தது. 'லைவ் டொட் எஃப்.ஐ.' என்னும் பெயரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அங்குள்ளோர்க்கு மின்னஞ்சல் முகவரிகள் வழங்கிவந்தது. கணினித் துறையினர் ஒருவர் 'ஹோஸ்ட்மாஸ்டர்' என்னும் முகவரியைக் கேட்டுப் பார்த்தார், தடையின்றிக் கிடைத்துவிட்டது. பின்பு அவர் கொமோடோ என்னும் சான்றிதழ் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். இரகசியக் குறி அவருடைய பெட்டிக்கே வந்து சேர்ந்தது. உலகப் பெருநிறுவனம் ஒன்றின் பெயருக்குரிய சான்றிதழ் தனிமனிதர் ஒருவர் கையில்! நல்ல காலமாக அவர் வஞ்சகரல்லர். தாமே முன்வந்து அறிவித்தார். மார்ச் 16ஆம் திகதி மைக்ரோசொப்ட் உலகத்தாருக்கு எச்சரிக்கை விடுத்து, அச்சான்றிதழைச் செல்லாதாக்க நேர்ந்தது. கொமோடோவைக் குறைகூற இடமில்லை என்பது எம் கருத்து. விதிப்படியே அவர்கள் நடந்தார்கள். கேட்டவருக்குத் திறப்பைக் கொடுத்தவர் வீட்டுக்காரரே.

அவ்வாண்டு டிசம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அமைப்பு இலவசச் சான்றிதழ்களைப் பொதுமக்களுக்கு வழங்கத் தொடங்கிற்று. கணினியே கேட்க, கணினியே சோதித்துக் கொடுக்கும் முறை அதனுடையது. சான்றிதழின் ஆயுளும் குறுகிக்கொண்டே போகிறது. 2020 செப்டெம்பர் முதல் 398 நாளாக இருந்த உச்ச எல்லை, 2026 மார்ச்சில் 200, 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47 எனக் குறையவேண்டுமென்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025 ஏப்பிரலில் தீர்மானித்தன. ஒருமுறை செய்த உரிமைச் சோதனையை மீண்டும் பயன்படுத்தும் காலமோ முடிவில் பத்தே நாள். பெயர் கைமாறிய பின்னும் பழையவரின் உறுதி உயிரோடிருத்தலாகாது என்பது இதற்குரிய காரணங்களுள் ஒன்று.

நாம் அறிந்த கல்லூரி ஒன்றில், நூற்றாண்டு விழாவுக்கு முதல் நாள், நூலக நிதிக்குப் பணம் அனுப்ப முனைந்த வெளிநாட்டுப் பழைய மாணவரெல்லாம் "இத்தளம் பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கையைக் கண்டு பின்வாங்கினர். சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கவேண்டிய குறி 'அட்மின்' பெட்டிக்குச் சென்றிருந்தது. அதன் கடவுச்சொல்லை அறிந்த ஒரே ஆசிரியரோ ஓய்வுபெற்று ரொறன்ரோவில் மகனுடன் வாழ்ந்தார். இங்கு நண்பகல், அங்கு இரவு இரண்டரை மணி. தொலைபேசியில் எழுப்பப்பட்ட அப்பெரியவர், கடவுச்சொல் ஒரு பழைய டயறியில் இருப்பதாகவும், டயறி கொக்குவில் வீட்டு அலுமாரியில் இருப்பதாகவும் தூக்கக் கலக்கத்தில் கூறினார். மாணவர் இருவர் சைக்கிளில் விரைந்தனர். மாலை ஆறு மணிக்குத் தளம் சீராயிற்று. பின்வாங்கியோருள் எத்தனை பேர் மறுபடி வந்தனர் என்று நிதிப் பொருளாளரை நாம் வினவியபோது, அவர் பேச்சை மாற்றிவிட்டார். இப்பொழுது அக்கல்லூரியார் அஞ்சல் வழியைக் கைவிட்டுப் பதிவேட்டு வழியை மேற்கொண்டுள்ளனர். கடவுச்சொல்லின் பிரதி ஒன்று அதிபரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.