ஒரு ஃபியூஸ் கட்டைக்குள் மூன்று கனிமங்கள்: விருத்தாசலம் பீங்கான் சொல்லும் மண்ணின் கதை

வீட்டில் கரண்ட் போனதும் பலரும் மெயின் போர்டில் முதலில் பிடுங்கிப் பார்ப்பது அந்த வெள்ளை ஃபியூஸ் கட்டையைத்தான். கடையில் ஃபியூஸ் கேரியர் என்று கேட்டு வாங்கும் இந்தக் கட்டை, பீங்கான் அகல் விளக்கு, பொம்மை என இவற்றுக்கெல்லாம் பேர்போன ஊர் கடலூர் மாவட்டம் விருத்தாசலம். இந்தத் தொழிலுக்கென்றே அங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு கல்வி நிறுவனமும் இருக்கிறது.

கட்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரே வெள்ளை. ஆனால் அதில் சேர்ந்தது மூன்று பொருள்: வெள்ளைக் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார். பாதி களிமண், மற்ற இரண்டும் கால் கால் பங்கு என்பது பீங்கானுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மூன்றுமே நிலத்தடியில் இருந்து வருபவைதான்.

சரி, கனிமம்னா என்ன?

இயற்கையாக உருவான திடப்பொருள். அதற்கென்று ஒரு வேதியியல் கலவை. உள்ளே அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் அது கனிமம். பாறை வேறு. மிக்சர் பொட்டலத்தைப் பாறை என்று வைத்துக்கொண்டால், அதில் இருக்கும் கடலை, பூந்தி, ஓமப்பொடி எல்லாம் கனிமங்கள்.

இந்தக் கணக்கில் பக்கத்து ஊரான நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி தேறாது. அது மக்கிய தாவரம். அணுக்களில் ஒழுங்கான அடுக்கு கிடையாது. சட்டம் மட்டும் அதையும் கனிமம் என்றே சொல்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

வேப்பூரில் பாறை, கிழக்கே களிமண்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் வேப்பூர் கூட்ரோட்டில் இருந்து விருத்தாசலம் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். வேப்பூரை ஒட்டிய மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தரைக்கு அடியில் இருப்பது மிகப் பழைய கடும்பாறை. விருத்தாசலத்தைத் தாண்டி நெய்வேலிப் பக்கம் போனால் மணற்கல்லும் களிமண்ணும் படிந்த நிலம்.

இந்த இரண்டு வகை நிலத்தையும் இணைப்பது ஃபெல்ட்ஸ்பார். பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு மெதுவாக ஆறும்போது ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் படிகங்களாக உறைகின்றன. பாறை வெளியே தெரிந்ததும் மழை வேலையைத் தொடங்குகிறது. மழைநீரில் கரைந்த கரியமில வாயு அதை லேசான அமிலமாக்கும். சோடா பாட்டிலில் இருக்கும் அதே அமிலம்தான். அது ஃபெல்ட்ஸ்பாரில் உள்ள பொட்டாசியம், சோடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண் கனிமம். இதற்கு ஆகும் காலத்தை மனித ஆயுளை வைத்து அளக்க முடியாது. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாமல் மணலாக உதிர்கிறது. நம்ம ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்வது இதைத்தான்.

பிறகு ஓடும் நீர் இவற்றைச் சலித்துக் கொடுக்கிறது. கனமான மணல் முதலில் தங்கும், நுண்ணிய களிமண் தொலைவில் போய்ப் படியும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே களிமண் அடுக்குகள் வருவதும் இப்படிப் படிந்ததால்தான்.

கனிமம் உருவாக வேறு வழிகளும் உண்டு. கடல்நீர் வற்றினால் உப்பு. அழுத்தமும் வெப்பமும் கூடினால் ஒன்று இன்னொன்றாக மாறும்.

6,000 கனிமங்கள், ஒரு பெரிய குடும்பம்

அங்கீகரிக்கப்பட்ட கனிமங்கள் சுமார் 6,000. நிறத்தை வைத்துப் பிரித்தால் ஏமாந்துவிடுவோம். குவார்ட்ஸ் வெள்ளையாகவும் இருக்கும், ஊதாவாகவும் இருக்கும். அதனால் வேதியியலை வைத்தே பிரிக்கிறார்கள்: ஆக்சைடு, சல்ஃபைடு, கார்பனேட், சிலிக்கேட் என்று. பூமியின் மேலோட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கேட்தான். ஃபியூஸ் கட்டையின் மூன்று கனிமங்களும் இந்தக் குடும்பமே.

கையில் சோதிக்க 1812-ல் ஃபிரெட்ரிக் மோஸ் தந்த கடினத்தன்மை அளவுகோல் உண்டு. மாக்கல்லில் இருக்கும் டால்க் 1, வைரம் 10. குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. கயோலினைட் 2-ஐ ஒட்டியே நிற்கும், நகத்தால் கீறலாம். அப்படியானால் இவ்வளவு மெதுவான மண் எப்படிக் கல் போல ஆகிறது?

சூளைக்குள்ளே

காய்ந்த களிமண்ணிலும் தண்ணீர் இருக்கிறது. கயோலினைட்டின் எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் அணுக்களோடு பிணைந்த நீர். சூளை 500 டிகிரியைத் தாண்டியதும் அது வெளியேறுகிறது. அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாலும் அது களிமண் ஆகாது. திரும்பி வர வழியே இல்லை.

573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் அடுக்கை மாற்றிக்கொண்டு திடீரென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் பொருள் விரிசல் விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1,100 டிகிரிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார் உருகி, கண்ணாடியாக இடுக்கெல்லாம் நிரப்புகிறது. களிமண்ணோ முல்லைட் என்ற புதிய படிகமாகிறது. ஸ்காட்லாந்தின் முல் தீவின் பெயர் கொண்ட இந்தக் கனிமம் இயற்கையில் அரிது, சூளையில் சாதாரணம். இந்தக் கண்ணாடியும் படிகமும் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்துவைப்பதால் மின்சாரம் பாய்வதில்லை. ஃபியூஸ் கட்டையைத் தைரியமாகப் பிடிக்க முடிவது அதனால்தான்.

சட்டத்தின் கணக்கு வேறு

1957-ம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் வேதியியலைப் பார்ப்பதில்லை. பெருங்கனிமம், சிறுகனிமம் என்று இரண்டே பிரிவு. சிறுகனிமத்துக்கு விதி வகுப்பது மாநில அரசு. பெருங்கனிமத்துக்கு மத்திய அரசு. 2015 பிப்ரவரியில் 31 கனிமங்கள் சிறுகனிமம் ஆயின. பீங்கானின் மூன்று பொருட்களும் அதில் இருந்தன.

2025 பிப்ரவரியில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா, பாரைட்ஸ் நான்கும் மறுபடி பெருங்கனிமம் ஆக்கப்பட்டன. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா கிடைக்கும் சில பாறைகளில் லித்தியம் போன்றவையும் இருக்கக்கூடும். சிறுகனிமக் குத்தகையில் அவை கணக்கில் வராமல் போகின்றன என்பது மத்திய அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. பேட்டரிக்கு லித்தியம் தேடும் காலம் இது.

ஆக, இன்று அந்த ஃபியூஸ் கட்டையில் பாதி சிறுகனிமம், பாதி பெருங்கனிமம். களிமண் மாநிலத்தின் விதிகளிலேயே நீடிக்கிறது. ஏரி, குளங்களில் மண்பாண்டத்துக்குக் களிமண் எடுக்க, 2024 முதல் தமிழ்நாட்டில் வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.