தாத்தா காணாமல் போன மூன்றரை வருஷம் - 7: ரபேல் வீடு

சென்ற வாரம் ஒரு பிழை செய்துவிட்டேன். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில், மருத்துவக் குறிப்புக்குக் கீழே மங்கிய மையில் இருந்த ‘நியூ பிரிட்டன்’ என்பதை ஏதோ ஆஸ்பத்திரியின் பெயர் என்று எழுதியிருந்தேன். இதழ் வந்த மறுநாளே ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அது ஆஸ்பத்திரி இல்லை, தீவு. மேப்பை எடுத்துப் பாருங்க. நியூ கினிக்குக் கிழக்கே வாழைக்காய் மாதிரி வளைஞ்சு கிடக்கும். அப்போ அங்க இருந்த பெரிய ஊரு ரபௌல்.”

போனை வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் ‘ரபேல்’ என்று ஒருவர் உண்டு. தாத்தாவின் பட்டாளத்துச் சிநேகிதர். அவரை யாரும் பார்த்ததில்லை. “ரபேலை நெனச்சா சோறு இறங்காது” என்பார் தாத்தா. “ரபேலை விட்டுக் கிளம்புன அன்னிக்கு அழுதுட்டேன்” என்பார். வேலூர்ப் பக்கம் ரபேல் என்ற பெயர் ஒன்றும் அதிசயமில்லை. உயிரோடு திரும்பாத கிறிஸ்தவ நண்பர் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். ஒரே ஒரு முறை ‘ரபேல்ல’ என்று சொல்லியிருந்தால் ஊர் என்று பிடிபட்டிருக்கும். அவர் சொன்ன வாக்கியங்களோ ஆளுக்கும் பொருந்தின, ஊருக்கும் பொருந்தின. ஒரு வேற்றுமை உருபில் நாற்பது வருஷம் ஏமாந்திருக்கிறோம்.

தாத்தா சயாம் ரயில் பாதையில் கிடந்தார் என்பது எங்கள் குடும்பத்தின் இன்னொரு முடிவு. நானும் அதை நம்பித்தான் இந்தத் தொடரை ஆரம்பித்தேன். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர் ஓட்டிச் சென்றது சுமார் அறுபதாயிரம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கக் கைதிகளையும், அவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேலான ஆசியத் தொழிலாளர்களையும். மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் இந்த இரண்டாவது கூட்டத்தில் மாண்டார்கள். இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர் அந்தப் பாதைக்குப் பெருவாரியாக அனுப்பவில்லை. சயாமைப் பற்றித் தமிழில் கதை உண்டு, பாட்டு உண்டு. ரபௌலைப் பற்றி எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. தாத்தா வாயைத் திறக்காததால், கையில் இருந்த கதையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டோம்.

அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்? 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்ததையும், இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்து மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்ததையும் மூன்றாம் வாரத்தில் பார்த்தோம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சாங்கிக்கு நடந்தார்கள். கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டார். சேர்ந்தவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் மோகன் சிங்கை ஜப்பானியர் கைது செய்ய, முதல் படை கலைந்தது. சேர்ந்தவர்களிலேயே பலர் மறுபடி கைதியானார்கள். ஆகவே தெற்கே கப்பலேறியவர்கள் எல்லோருமே சேர மறுத்தவர்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. தாத்தா மறுத்தாரா, சேர்ந்து பிறகு விலகினாரா? அவருக்கு வீரப் பட்டம் கட்டும் அவசரம் எனக்கில்லை.

கப்பல்கள் என்றால் சரக்குக் கப்பல்கள். உள்ளே கைதிகள் இருப்பதற்கு வெளியே எந்த அடையாளமும் கிடையாது. 1943 ஜனவரி 26 அன்று நியூ கினிக்கு வடக்கே ‘பூயோ மாரு’ என்ற கப்பலை ‘வாஹூ’ என்ற அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதில் 491 இந்தியக் கைதிகள் இருந்தார்கள். 195 பேர் செத்தார்கள். நீரில் தத்தளித்தவர்களின் படகுகள் மீது நீர்மூழ்கிக்காரர்கள் சுட்டதும் நடந்தது. யாருக்காகச் சண்டை போட்டுச் சிறைப்பட்டார்களோ, அவர்களுடைய கூட்டாளியின் குண்டு.

ரபௌல் ஒரு எரிமலை வாய். கடல் உள்ளே புகுந்து துறைமுகமாகிவிட்ட பள்ளம். சுற்றிலும் புகையும் மலைகள், கந்தக நெடி. அமெரிக்கர்கள் அதைப் பிடிக்க வரவில்லை. குண்டு போட்டுப் போட்டு முடக்கி, பட்டினி போட்டுவிட்டு, தாண்டிப் போனார்கள். ஜெனரல் இமாமுராவின் பெரும்படை மண்ணுக்குள் இறங்கியது. மென்மையான எரிமலை மண்ணில் மைல் கணக்கில் சுரங்கங்கள்: கிடங்கு, ஆஸ்பத்திரி, படுக்கை எல்லாம் உள்ளே. தோண்டியவர்களில் இந்தியர்களும் உண்டு. தோட்டம் போட்டுக் கிழங்கு விளைவித்தவர்களிலும் அவர்கள் உண்டு.

தீபாவளி அன்று விடியற்காலையிலேயே தாத்தா கிணற்று மேட்டுக்குப் போய்விடுவார். வெடிச் சத்தம் ஆகாது என்று நினைத்திருந்தோம். ஒருவேளை சத்தம் அல்ல, அந்தக் கந்தக வாசனையோ? இப்படிப் பொருத்திப் பார்க்க ஆரம்பித்தால் முடிவே இருக்காது. விட்டுவிடுகிறேன்.

1945 செப்டம்பர் 6 அன்று ‘குளோரி’ என்ற போர்க்கப்பலின் தளத்தில் இமாமுரா சரணடைந்தார். நான்கு நாள் கழித்து ரபௌலில் இறங்கிய ஆஸ்திரேலியர்கள் அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கண்டார்கள். பிறகு அதே ஊரில் போர்க் குற்ற விசாரணைகள் நடந்தன. மொத்தம் 188 வழக்குகள். அவற்றில் ஜப்பானியர் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்ன வாதம் ஒன்று என்னை உறங்க விடவில்லை: இந்தியர்கள் போர்க் கைதிகளே அல்ல, தாங்களாக வந்து எங்களோடு சேர்ந்துகொண்ட உழைப்பாளிகள், ஆகவே கைதிகளுக்கான விதி அவர்களுக்குப் பொருந்தாது. ஊருக்குத் திரும்பினால் பிரிட்டிஷ் அதிகாரிகள் வேறு கேள்வி வைத்திருந்தார்கள்: இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தாயா? திரும்பியவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தார்கள். கறுப்பு என்றால் வேலையும் போச்சு, சம்பள பாக்கியும் போச்சு. தாத்தாவுக்குப் பாக்கி வந்தது. கிணற்று மேட்டு நிலம் அந்தப் பணத்தில் வாங்கியதுதான்.

அத்தையிடம் போய் ரபேலைப் பற்றிக் கேட்டேன். எழுபத்தெட்டு வயது, பல் இல்லையே தவிர ஞாபகம் இருக்கிறது.

“ரபேலு அங்கியே செத்துட்டாருடா. ஆனா வருஷா வருஷம் பொங்கலுக்கு ரபேல் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல்லு போவும். எங்கப்பாவே வண்டி கட்டும். நானும் ரெண்டு வாட்டி கூடப் போயிருக்கேன்” என்றவர், ஊரின் பெயரையும் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து ஒன்பது மைல். “ஆனா ஒண்ணு கண்ணு. அந்த வீட்ல அல்லாரும் விபூதி பூசினு இருந்தாங்க. ரபேல்னு பேரு வச்சுக்கினு இன்னாடா இதுன்னு அப்பவே எனக்குச் சந்தேகம்.”

“கேட்கலையா அத்தை?”

“எங்கப்பாவையா? யாரு கேக்கறது?”

ரபௌலுக்கு அருகே பீட்டா பாகாவில் போர்க் கல்லறை இருக்கிறது. இந்தியச் சிப்பாய்கள் பலரின் பதிவில் தகப்பன் பெயரும் ஊரும் மாவட்டமும் உண்டு. அன்று இரவே வட ஆற்காடு என்று போட்டுத் தேடினேன். அத்தை சொன்ன ஊர் இருந்தது. வயது இருபத்து நான்கு. பெயர் ரபேல் இல்லை.

அந்தப் பெயரை இப்போது அச்சில் தரமாட்டேன். முதலில் அந்த வீட்டில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன். அத்தையும் வருகிறாராம். காரில் நெல் மூட்டை வைக்க இடம் இருக்குமா என்று காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

(தொடரும்)