ஜி6பிடி குறைபாடு: ஊசி போடும் முன் ஒரு கேள்வி

மலேரியாவுக்குப் பிரைமாகுயின் தொடங்கிய இரண்டாம் நாள் நோயாளியின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. தண்ணீர் போதவில்லை என்று விட்டுவிடக் கூடாது. சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கலாம். இதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான்.

யாருக்கு வரும்?

சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றப் பாதிப்பிலிருந்து காக்கும் நொதி ஜி6பிடி. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது பிறவியிலேயே குறைவு. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடமே அதிகம். ஒவ்வாத மருந்து உள்ளே போகும்வரை பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது.

எந்தெந்த மருந்துகள்?

பிரைமாகுயின், டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோபியூரன்டாயின், புற்றுநோய் சிகிச்சையில் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ராஸ்புரிகேஸ் ஆகியவை முக்கியமானவை. காய்ச்சலுக்கு வழக்கமான அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம்.

மெத்திலீன் புளூவில் இரட்டை ஆபத்து உண்டு. டாப்சோனால் மெத்ஹீமோகுளோபின் கூடினால் ஆக்சிஜன் வைத்தாலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 85 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அதற்கு முறிவாகத் தரப்படுவது மெத்திலீன் புளூ. ஜி6பிடி குறைந்தவருக்கோ அது வேலை செய்யாது, சிவப்பணுக்களையும் உடைக்கும். எவ்வளவு அவசரமானாலும் ஊசியை ஏற்றும் முன், “ஜி6பிடி பார்த்தாச்சா டாக்டர்?” என்று கேட்டுவிட வேண்டும்.

‘நார்மல்’ என்று வந்தாலும்

அணுக்கள் உடையும் நேரத்தில் எடுத்த பரிசோதனை ஏமாற்றக்கூடும். நொதி குறைந்த பழைய அணுக்கள் முதலில் அழிந்துவிட, நொதி கூடுதலாக உள்ள இளம் அணுக்களே மிஞ்சும். சந்தேகம் இருந்தால் சுமார் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வார்டில் செய்ய வேண்டியவை

* பிறந்தபோது கடும் மஞ்சள்காமாலை வந்ததா, வீட்டில் யாருக்காவது இக்குறைபாடு உண்டா என்று கேளுங்கள்.
* குறைபாடு இருந்தால் கேஸ் ஷீட்டில் ஒவ்வாமை எழுதும் இடத்திலேயே சிவப்பு மையில் குறியுங்கள்.
* புது மருந்து தொடங்கிய முதல் 3 நாட்கள் சிறுநீர் நிறம், கண் மஞ்சள், வெளிறல், மூச்சிரைப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள். மாற்றம் தெரிந்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

குழந்தையின் துணிகளுக்கு இடையே நாப்தலின் அந்துருண்டை வைக்க வேண்டாம், மருதாணி இட வேண்டாம் என்று தாயிடம் சொல்லுங்கள். தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும் முன்பும் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும்.