இழந்த மார்பும் மீளமைப்புச் சிகிச்சையும்



சில பொருள்களைப் பற்றி நம் வீடுகளிலே குரலைத் தாழ்த்தியே பேசுகின்றோம். மார்பகப் புற்றுநோய் அவற்றுள் ஒன்று. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. ஆயினும், நோயினின்று மீண்ட பெண் தன் உடலோடு எவ்வாறு வாழ்கின்றாள் என்பதை நாம் கேட்பதில்லை.

என்னுடன் கற்பித்த ஆசிரியை ஒருவர், மார்பு அகற்றப்பட்டுச் சில மாதங்களின் பின் பாடசாலைக்குத் திரும்பினார். கரும்பலகையில் எழுதும்போதும் இடக்கையாற் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்திருப்பார். "வேறு வழிகள் உண்டென்று எனக்கு ஒருவருஞ் சொல்லவில்லை, சேர்" என்று பின்னொருநாள் கூறினார். அச்சொல்லே இப்பேச்சுக்குக் காரணம். நான் வைத்தியன் அல்லன். விளங்கிக்கொண்டதை விளங்கச் சொல்லுதலே என் தொழில்.

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மார்பையும் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் முறையைப் பரப்பினார். உயிர் தப்பினாற் போதும் என்றிருந்த காலம் அது. இன்று பலருக்குக் கட்டியையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியையும் அகற்றினாலே போதுமானதாகின்றது. முழு மார்பையும் அகற்ற நேரின், அதனை மீளமைக்க இருபெரும் வழிகள் உள.

முதலாவது, செயற்கைப் பை பொருத்துதல். சிலிக்கோன் கூழ் நிரம்பிய பை 1962இல் ஹூஸ்டன் நகரிலே முதன்முதல் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. தோல் போதாதவிடத்து, வெறும் பையொன்றை உள்ளே வைத்து, வாரக்கணக்கிற் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலை விரியச் செய்வர். பின்னர் நிலையான பையை வைப்பர். இச்சிகிச்சை ஒப்பீட்டளவிற் சிறியது. ஆனால் பை ஆயுள் முழுவதும் நிலைக்குமென்ற உறுதியில்லை. அதைச் சூழத் தழும்பிழையம் இறுகி வலி தருதலும் உண்டு. கதிர்ச் சிகிச்சை பெற்றோர்க்கு இவ்விடர் அதிகம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில பைகள், அரியதொரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புற்றமையால், 2019இல் விற்பனையினின்று மீட்கப்பட்டன.

இரண்டாவது, தன் உடலின் இழையத்தையே பயன்படுத்தல். முதுகின் அகன்ற தசையை முன்புறம் திருப்பி வைப்பது ஒரு முறை. அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் வயிற்றுத் தசையோடு மார்புக்குக் கொணரும் முறையை 1982இல் ஹார்ட்ராம்ஃப் என்பவர் வெளியிட்டார். பின்வந்தோர் தசையைப் பெரும்பாலும் வயிற்றிலேயே விட்டு, தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்து, நுண்ணிய குருதிக்கலன்களை நுணுக்குக்காட்டியின் துணையால் மார்பிலே இணைக்கலாயினர். இவ்வாறு அமைந்த மார்பு மென்மையும் இயல்பான சூடும் உடையது. உடல் பருக்கத் தானும் பருக்கும். எனினும், சிகிச்சை பல மணி நேரம் நீளும். தழும்பு இரண்டிடத்தில் அமையும். இணைத்த கலனிற் குருதி உறைந்தால் இழையம் அழியவுங்கூடும். புகைபிடிப்போர்க்கும் கட்டுப்படாத நீரிழிவுடையோர்க்கும் ஆபத்து மிகுதி.

மார்பை அகற்றும்போதே மீளமைக்கலாம். மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் செய்யலாம். கதிர்ச் சிகிச்சை தேவைப்படின், வைத்தியர் காத்திருக்குமாறு கூறுதல் உண்டு. ஆகவே, முதற் சத்திரசிகிச்சைக்கு முன்பே இதனைக் கேட்டறிதல் நன்று.

ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. மீளமைத்த மார்பு பழைய மார்பன்று. தொடுவுணர்ச்சி பெரும்பாலும் முழுமையாக மீளாது, பால் சுரக்காது. முலைக்காம்பைப் பிறிதொரு சிறு சிகிச்சையாலோ பச்சை குத்தியோ அமைப்பர். அதேவேளை, மீளமைத்தலாற் புற்றுநோய் திரும்பி வரும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

மூன்றாவது வழியும் உண்டு: ஒன்றுஞ் செய்யாதிருத்தல். உள்ளாடையினுள் செயற்கை மார்பு அணியலாம். அதுவுமின்றித் தலைநிமிர்ந்து நடக்கலாம். இது தோல்வியன்று, அதுவும் ஒரு தெரிவே.

எனக்கு எம்முறை ஏற்றது? எத்தனை சிகிச்சைகள் வேண்டும்? எப்போது வேலைக்குத் திரும்பலாம்? இவற்றை வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். கணவன்மாரே, பிள்ளைகளே, உடன் சென்று கேளுங்கள். ஆனால் முடிவை அவளிடமே விடுங்கள்.

அவ்வாசிரியை இறுதியில் எச்சிகிச்சையும் வேண்டாமென்றே தீர்மானித்தார். எல்லா வழிகளையும் அறிந்த பின் எடுத்த முடிவு அது. அதன்பின் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி எழுதியதை நான் கண்டதில்லை.